பெயர்க் கட்டத்தில் ஓர் ஊர்

வள்ளியம்மை இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்தது. காலையில் கணினியைத் திறந்ததும் முதலாளியின் மகனிடமிருந்து ஒரு வரி: "வள்ளியம்மை மேடத்தின் கணக்கைச் செயலற்றதாக மாற்றவும்." வேறொன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டார் போலும், சென்னைக்கே போய்விட்டார் போலும் என்று நினைத்தேன். எனக்கு வரவேண்டிய பதவியில் இருந்தவர் அவர். ஆகவே அந்த ஒரு நிமிடம் நான் துக்கப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். காரணம் கேட்டுத் திருப்பி எழுதினேன். "நெஞ்சுவலி. விடியற்காலையில். உங்களுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது.

தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த அலுவலகத்தில் எனக்கு எதையும் நேரத்தில் சொல்லும் வழக்கம் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களும், கடைக்கு வந்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். இரங்கல் கூட்டத்தில் அவர் எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்றார்கள். அவர் யாரை அனுசரித்தார்? மேசையில் கோப்பையை வைக்கும் சத்தத்திலேயே அன்றைக்கு யாருக்குத் திட்டு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இல்லாத குணங்களை ஏற்றிச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த நான் தயாராக இல்லை. இருந்ததைச் சொன்னாலே போதும், வியப்பதற்கு.

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது காரைக்குடி செக்காலை ரோட்டில் உள்ள மருத்துவக் கருவிகள் விற்கும் கடை. சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், ஆக்சிஜன் மிஷின் என்று வீட்டில் வைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தேவையானவை எல்லாம் கிடைக்கும். யார் எதை வாங்கினார், எப்போது பழுது பார்த்தோம், கடையில் யார் யார் வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் ஒரே மென்பொருளில் இருக்கிறது. அதில் தேடும் திரையை அமைத்தவன் நான். எம்.சி.ஏ. முடித்து, பெங்களூரில் இருந்துவிட்டு, அப்பாவின் உடல்நிலைக்காக ஊர் திரும்பியவன். தகவல் பிரிவுக்குத் தலைமை என்று ஒரு பதவி உருவானபோது, அது எனக்குத்தான் என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களே வள்ளியம்மைக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். கணிதத்தில் முதுகலை படித்தவர், சென்னையில் பெரிய நிறுவனத்தில் இருந்தவர். ஜன்னல் வைத்த அறையும் அவருக்குப் போனது.

முதல் நாள் என் மேசைக்கு வந்து நின்று, என் திரையில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். வள்ளியம்மை என்று முழுதாகத் தட்டினார். கொஞ்சம் பேர் வந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'வள்' என்று மட்டும் தட்டினார். திரை நிறைந்து வழிந்தது. வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளி அம்மை, வள்ளிம்மை, கை தவறிய ஒரு வள்ளியமை.

"பாத்தீகளா சார், நான் இத்தனை பேரா இருக்கேன்" என்றார். "முழுசாத் தட்டுனா நான் ஒருத்தி. நிறையத் தட்டுனா கொஞ்சமாக் கிடைக்கும். கொஞ்சமாத் தட்டுங்க, நிறையக் கிடைக்கும்."

"இதெல்லாம் எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

"தெரிஞ்சவுக திரையில எழுதி வச்சிருக்கலாமே? 'முழுப் பெயரை உள்ளிடவும்'னுல்ல எழுதி வச்சிருக்கீக."

அன்றே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. திரையில் இருந்த அந்த வரியை மறுநாள் எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்காக எடுக்கவில்லை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சண்டை பலருக்கு நினைவிருக்கும். ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்துகளும் ஒரே வீதியும் உள்ள பதிவுகளை ஒன்றாக இணைத்துவிட ஒரு நிரல் எழுதினேன். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். அவர் ஓட விடவில்லை. "ஒரே தாத்தா பேரை அண்ணன் மகனுக்கும் வச்சிருப்பாக, தம்பி மகனுக்கும் வச்சிருப்பாக. ஒருத்தருக்குச் சர்க்கரை, இன்னொருத்தருக்கு ஆஸ்துமா. ரெண்டு பேரையும் ஒட்ட வச்சு என்ன பண்ணப் போறீக?" என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். விற்பனைப் பிரிவு மொத்தமும் நிற்கும்போது, "எம்.சி.ஏ. சாருக்கு ஊர்ல எல்லாரும் ஒருத்தர்தேன்" என்றார். அவர்கள் சிரித்ததை நான் மறக்கவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

ஆக்சிஜன் மிஷின் தயாரிப்பாளரிடமிருந்து ஓர் அவசர அறிவிப்பு வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகுதியில் உள்ள மிஷின்களுக்குள் ஒரு பாகம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், உடனே நிறுத்தித் திரும்பப் பெறவும் என்று. ஆக்சிஜன் வரும் இடத்தில் தீ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வரிசை எண்ணை வைத்துத் தேடி, வீடு வீடாகப் போன் செய்து, எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டோம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கிடங்கில் இல்லை. யாருக்கும் விற்றதாகவும் இல்லை. அதன் எண்ணைத் தட்டினால் "பதிவு எதுவும் இல்லை" என்றது திரை.

முதலாளி, "உடைஞ்சு போச்சுன்னு எழுதி முடிச்சிருங்க" என்றார். நானும் தேட வேண்டிய வழியிலெல்லாம் தேடியிருந்தேன். பதிவு இல்லை என்று சொன்னேன்.

வள்ளியம்மை நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இல்லைன்னு அது சொல்லுது. நீங்க அதுகிட்ட என்ன கேட்டீகன்னு சொல்லலையே. மிஷின் எங்கேயோ ஓடிக்கிட்டு இருக்கு சார். யாரோ மூக்குல குழாயை வச்சுக்கிட்டுத் தூங்குறாக."

கிடங்கில் விசாரித்ததில், அதை எடுத்துப் போனவன் எங்கள் பழைய மெக்கானிக் பாண்டி என்று தெரிந்தது. ஏதோ ஒரு வீட்டில் பழுதான மிஷினை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இதைக் கொடுத்திருக்கிறான். மென்பொருளில் எண்ணை மாற்றாமலே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான். அந்த வீட்டுப் பதிவில் இன்னமும் பழைய மிஷினின் எண் இருக்கும். ஆனால் எந்த வீடு? பழுதான மிஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, பொருளை வைத்துத் தேட என் திரையில் வழியும் இல்லை. வள்ளியம்மை அவனைப் போனில் பிடித்து, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நாச்சியாபுரம் மேடம். இல்ல, அதுக்கும் அங்குட்டோ என்னமோ. எல்லாம் ஒண்ணுபோல பெரிய பெரிய வீடு. ஒரு ஆச்சி இருந்தாக. ஐயா படுக்கையில கிடந்தாரு. அவருக்குத்தேன் மிஷின்."

"பேரு?"

"முருகன் பேரு மேடம்."

நான் தேடத் தொடங்கினேன். நாச்சியாபுரத்தில் முருகன் இல்லை. ஊர்க் கட்டத்தை நம்புவதற்கும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்க்காரரும் கடையில் வந்து கேட்டால் காரைக்குடி என்றுதான் சொல்வார். ஊரை விட்டுவிட்டுத் தேடினேன். முருகன்கள் நிறைய இருந்தார்கள். ஒருவரும் ஆக்சிஜன் மிஷின் வாங்கவில்லை.

"முருகன் பேருன்னா முருகன்தானா சார்?" என்று சுப்பிரமணியன், சண்முகம், வேலாயுதம், குமரன், கந்தசாமி என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சிலரிடம் மிஷின் இருந்தது. அவர்கள் எல்லோரும் நாங்கள் ஏற்கெனவே பேசி முடித்தவர்கள்.

"படுக்கையில கிடந்தவரு. இன்னும் இருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்து மௌஸை வாங்கி, திரையின் கீழே இருந்த ஒரு சிறு கட்டத்தில் டிக் அடித்தார். 'செயலற்றவர்களையும் காட்டு' என்பது அந்தக் கட்டம். முன்பு, இறந்தவர் வீட்டுக்குக் கருமாதி அன்று "உங்கள் மிஷினைச் சர்வீஸ் செய்ய வேண்டும்" என்று எங்கள் நினைவூட்டல் போய்ப் பெரிய ரகளையானது. இறந்தவர்கள் திரையிலேயே வரக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். அன்றிலிருந்து இறந்தவர்கள் செயலற்றவர்கள் ஆனார்கள், டிக் அடித்துக் கேட்டால் மட்டுமே வருவார்கள். அந்தச் சொல்லின் மேல் வள்ளியம்மைக்குத் தீராத கோபம். "செத்தவுகளைச் செயலற்றவுகன்னு போட்டிருக்கீக. அவுக வாங்குன சாமான் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்று எப்போதும் கேட்பார். டிக் அடிக்காமல் அவர் தேடி நான் பார்த்ததில்லை.

இப்போது இறந்த சுப்பிரமணியன்களும் சண்முகங்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் நாங்கள் தேடியவர் இல்லை. என் வரையில் இதோடு முடிந்தது. மனத்துக்குள் கொஞ்சம் திருப்தியும் இருந்தது, அவருக்கும் கிடைக்கவில்லையே என்று.

அவர் எழுந்து போகவில்லை. மறுபடியும் பாண்டியைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, பேரை ஆச்சி சொன்னாகளா, நீ ரசீதுல பாத்தியா?"

"ஆச்சிதேன் மேடம். என்ன பேருன்னு கேட்டேன், முருகன் பேருன்னாக."

"பேரைச் சொன்னாகளா?"

"அதான் மேடம், முருகன் பேருன்னு…"

"பேரைச் சொல்லலை." போனை வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "புருசன் பேரை வாயால சொல்லாத ஆச்சி சார். பாண்டிகிட்டச் சொல்லாதவுக, நம்ம கவுண்டர்ல மட்டும் சொல்லியிருப்பாகளா?"

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்து, அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கு இருந்தது. நேராகக் கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்த செல்வி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். வாங்க வந்தவர்போல அவள் எதிரே நின்று, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, குரலைத் தளர்த்திக்கொண்டார்.

"ஏத்தா, ஆக்சிசன் மிஷினு வேணும். ஐயாவுக்கு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "சரிங்… ஐயா பேருங்க?" என்றாள்.

"அதேன், குன்னக்குடியாரு பேரு." குன்றக்குடி மலைமேல் இருக்கும் முருகனை எங்கள் பக்கத்து ஆச்சிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஊர் கேக்கலைங்க மேடம். பேருதான் கேட்டேன்."

"அதுதேன்டி பேரு!" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உனக்குப் பின்னால ஆளு நிக்குது. ஆச்சி அதுக்கு மேல ஒரு சொல்லுச் சொல்ல மாட்டேங்குறாக. இப்ப நீ என்ன தட்டுவ?"

செல்வி வரிசையைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். பெயர்க் கட்டத்தில் 'குன்னக்குடி' என்று விழுந்தது.

வள்ளியம்மை என் மேசைக்கு நடந்து வந்தார். ஓடவில்லை. டிக் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். குன்றக்குடி என்றும் எழுதியிருக்கலாம், குன்னக்குடி என்றும் எழுதியிருக்கலாம். பெயர்க் கட்டத்தில் 'குன்' என்று மட்டும் தட்டினார்.

ஒரு வரி வந்தது. பெயர்: குன்னக்குடி. ஊர்: காரைக்குடி. முகவரி: பிள்ளையார் கோயில் பின் வீதி. பொருள்: ஆக்சிஜன் மிஷின். நிலை: செயலற்றவர். குறிப்பில், மகன் வெளிநாட்டிலிருந்து பேசி அப்பா காலமானதைத் தெரிவித்தார் என்று இருந்தது.

அந்தத் திரையின் ஒவ்வொரு கட்டமும் நான் வைத்தது. எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினால் எது வரும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பெயர்க் கட்டத்தில் ஓர் ஊரைத் தட்ட எனக்கு ஆயுளுக்கும் தோன்றியிருக்காது. என்றைக்கோ ஒரு நாள் கவுண்டரில் ஓர் அம்மாள் வாய் திறக்காமல் நின்றதையும், இந்த வழக்கம் தெரியாத ஒரு பெண் அவசரத்தில் எதையோ தட்டியதையும் அவர் கூட இருந்து பார்த்ததுபோலக் கண்டுபிடித்தார். அந்தக் கவுண்டர்ப் பெண் அவர் சேருவதற்கு முன்பே வேலையை விட்டுப் போனவள். அவளை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கொடுத்திருந்த போன் உபயோகத்தில் இல்லை. கடை வண்டியில் மாற்று மிஷினை ஏற்றிக்கொண்டு இருவரும் நாச்சியாபுரம் போனோம். உபயோகத்தில் இல்லாத அந்த எண்ணையே வழி நெடுக அவர் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு வந்தார். எவரையும் விரட்டிப் பேசும் அந்த மனுஷி பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் பாண்டி சொன்னதுபோல எல்லாம் பெரிய வீடுகள். ஒரு வீட்டைத் தவிர மற்றவை பூட்டியிருந்தன. அதிலும் முன்கதவைத் தட்டத் தட்டப் பதில் இல்லை. பின் சந்து வழியாகச் சுற்றிப் போனோம். கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. சமையலறைப் பக்கத்து அறையில் ஒரு நாற்காலியில் ஆச்சி சாய்ந்திருந்தார், மூக்கில் குழாயோடு, கண்ணை மூடிக்கொண்டு. காலடியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஈரத்துண்டு ஒன்று விரித்துக் காயப்போட்டிருந்தது.

வள்ளியம்மை வணக்கம் சொல்லவில்லை. நேராகப் போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

ஆச்சி விழித்தார். "யாரு நீங்க? வீட்டுக்குள்ள வந்து வயரைப் பிடுங்குறீக?"

"கடையில இருந்து வாரோம் ஆச்சி. மிஷினை மாத்தணும்." துண்டை எடுத்தார். அதன் கீழே மிஷினின் முதுகு பழுப்பேறி உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டேன்.

"சூடாத்தேன் இருக்கு" என்றார் ஆச்சி. "கெட்டதுல ஒரு நல்லதுன்னு துண்டைப் போட்டு வச்சேன். வெயிலுக்கு நடக்க முடியலையே."

மாற்று மிஷினை நான் பூட்டும் வரை வள்ளியம்மை குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். மூச்சு சீரானதும் ஆச்சி பேசத் தொடங்கினார். "ஐயா இருக்கவரைக்கும் உங்க கடையில இருந்து போன் வரும். அவரு போனதும் நின்னுபோச்சு. எனக்கும் இளைப்புத்தேன். நான் ஒருத்தி இருக்கேன்னு உங்க கம்ப்யூட்டர்ல இல்லையாக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன். வள்ளியம்மை ஆச்சியின் போன் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"சரி, இத்தனை நாள் கழிச்சு எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீக?"

"நீங்க சொன்ன பேரை வச்சுத்தேன் ஆச்சி."

ஆச்சி பதறிப்போய் நிமிர்ந்தார். "அடியே! நான் எங்கடி பேரைச் சொன்னேன்?"

வள்ளியம்மை சிரித்த சிரிப்பு அந்தக் காலி வீடு முழுக்கக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் பார்க்காததுபோல வயரைச் சுருட்டினேன்.

கடைக்குத் திரும்பியதும் அந்தப் பெயரைத் திருத்தப் போனேன். அவர் தடுத்தார். "ஐயா பேரைக் கேட்டுப் பக்கத்துல போடுங்க, வேணாங்கலை. இதை எடுக்காதீக. ஆச்சி நாளைக்குப் போன் பண்ணுனாலும் இந்தப் பேரைத்தேன் சொல்லுவாக." நிலையை மட்டும் மாற்றி, ஆச்சியின் போன் எண்ணைத் தானே சேர்த்தார்.

முதலாளி தயாரிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் நவீன மென்பொருள் உடனடியாக அந்த மிஷினைக் கண்டுபிடித்துவிட்டது என்று இருந்தது. வள்ளியம்மையின் பெயர் இல்லை. என் பெயர் இல்லாததற்கு நான் பழகியவன். அவர் பெயர் இல்லாததற்கு எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. அவரிடம் சொன்னபோது, "விடுங்க சார், ஆச்சி தூங்கி எந்திரிக்கிறாகல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் திட்டப் போய்விட்டார்.

அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அது எனக்கு வந்திருந்தால், அந்த மிஷின் உடைந்துபோனது என்று எழுதி முடிந்திருக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளியின் மகன் சொன்ன வேலையைச் செய்தேன். அவர் கணக்கின் நிலையைச் செயலற்றதாக மாற்றினேன். பிறகு தேடும் திரைக்குப் போய் 'வள்' என்று தட்டினேன். வள்ளியம்மைகள் வந்தார்கள். எங்கள் வள்ளியம்மை வரவில்லை. டிக் அடித்தேன். கை தவறிய அந்த வள்ளியமைக்கு மேலே வந்து நின்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த டிக். இனிமேல் எங்கள் திரையில் யார் தேடினாலும், திறக்கும்போதே அது அடித்திருக்கும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பட்டியல் மிகவும் நீளமாக வருகிறது, போனவர்களெல்லாம் வருகிறார்கள் என்று விற்பனைப் பிரிவில் புகார் சொல்கிறார்கள்.

வரட்டும்.